டப்ளினில் 35 வருடம் ஓடிய ஒரு காலாண்டிதழ்

கேள்வி இது: ‘தி டப்ளின் மேகஸின்’ என்ற ஐரிஷ் இலக்கிய இதழ் 1923 முதல் 1958 வரை வந்திருக்கிறது. ஆனால் அந்த நாட்டு இலக்கிய வரலாற்றைப் புரட்டினால், இடையில் நின்றிருந்த காலத்தையும் சேர்த்து 14 வருடத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டும் ஓடிய ‘தி பெல்’ என்ற இன்னொரு இதழைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு சிறுபத்திரிகை 35 வருடம் எப்படி ஓடியது? அத்தனை வருடம் ஓடியும் ஏன் பேச்சே இல்லை?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் குணம் அதை ஓட வைத்ததோ, அதே குணம்தான் பேச்சில்லாமலும் போக வைத்தது. வம்புக்குப் போகாத ஓர் ஆசிரியர், அவருடைய பணக்கவலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள், வருடத்துக்கு நாலே இதழ். மொத்த ரகசியமும் இவ்வளவுதான். ஆனால் விவரத்தில் சுவாரசியம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்தக் காலத்து டப்ளினில் பத்திரிகைகள் எவ்வளவு சீக்கிரம் மூடப்பட்டன என்று பார்த்தால் 35 என்ற எண்ணின் கனம் புரியும். 1924 ஆகஸ்டில் இளைஞர்கள் சேர்ந்து ‘டு-மாரோ’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் லீடா கவிதை (கிரேக்கக் கடவுள் அன்னமாக வந்து லீடா என்ற பெண்ணைப் பலாத்காரம் செய்யும் கதை) இருந்தது. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு கிராமத்துப் பெண் தன்னையே கன்னி மரியாளாக நினைத்துக்கொள்ளும் லெனக்ஸ் ராபின்சனின் கதையும் இருந்தது. டப்ளினில் அச்சடித்துத் தர மறுத்துவிட்டார்கள். மான்செஸ்டருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் இதழோடு கதை முடிந்தது. நூலகங்களுக்கான ஓர் அறக்கட்டளையில் ராபின்சன் பார்த்துவந்த வேலையும் போனது. ஏ.ஈ. என்ற பெயரில் எழுதிய ஜார்ஜ் ரஸலின் வார இதழ் ‘ஐரிஷ் ஸ்டேட்ஸ்மன்’ அவதூறு வழக்கில் அடிபட்டு 1930இல் நின்றது. ஜான் ரயனின் ‘என்வாய்’ 1949 டிசம்பரில் தொடங்கி 1951 ஜூலையில் முடிந்தது, மொத்தம் 20 இதழ். ரயன் ஏழை இல்லை. டப்ளின் முழுக்கப் பால்பண்ணைக் கடைகளும் டீக்கடைகளும் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஆக, காசு மட்டும் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. கவிஞர் பேட்ரிக் கவனா 1952இல் தன் தம்பியின் சேமிப்பைப் போட்டு ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். ஊரில் ஒருவரையும் விடாமல் திட்டி எழுதினார். 13 இதழ் வந்தது. படிக்க இன்றும் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் 13தான்.

இவை எல்லாமே ‘டப்ளின் மேகஸின்’ கண் முன்னால் பிறந்து, அதன் கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தவை.

சரி, அதை நடத்தியவர் யார்? பத்திரிகையில் பெயர் சீமஸ் ஓ'சல்லிவன். வீட்டில் வைத்த பெயர் ஜேம்ஸ் ஸ்டார்க்கி. 1879இல் டப்ளினில் பிறந்தவர். அப்பா மருத்துவர், ராத்மைன்ஸ் பகுதியில் இருந்த குடும்ப மருந்துக்கடையில் இவரும் வேலை பார்த்தார். கூடவே கவிதை. அந்தி வெளிச்சம், வயல், நிழல் என்று ஏ.ஈ. வளர்த்துவிட்ட இளங்கவிஞர் கூட்டத்தில் ஒருவர். அந்தக் கூட்டத்தைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ஏ.ஈ. கேட்டதற்கு, எந்த நாயாவது தன் தெள்ளுப்பூச்சியைப் புகழ்ந்ததுண்டா என்ற பொருளில் யேட்ஸ் நாலுவரிக் கவிதை ஒன்று எழுதிவைத்தார். அதே யேட்ஸின் நாடகத்தோடு 1904 டிசம்பர் 27 அன்று ஆபி தியேட்டர் திறக்கப்பட்டபோது, குருடன் வேடத்தில் மேடையேறியவர் இதே சீமஸ்தான். டப்ளின் அவ்வளவு சின்ன ஊர். திட்டுகிறவரும் வாங்குகிறவரும் அன்று மாலையே ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவருடைய குணத்தைக் காட்ட எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. 1904 செப்டம்பர். ஜேம்ஸ் ஜாய்ஸ் சாண்டிகோவ் கடற்கரையில் இருக்கும் மார்ட்டெல்லோ கோபுரத்தில், நண்பர் ஆலிவர் கோகார்ட்டியோடு சில நாள் தங்கினார். ராத்திரி துப்பாக்கி வெடித்த ஒரு கலாட்டாவில் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. சாமான்களை எடுக்க வேண்டுமே? மறுநாள் ஸ்டார்க்கிக்குக் கடிதம் எழுதினார். என் டிரங்குப் பெட்டியை எடுக்க ஆள் வரும், அதில் இன்னின்னவற்றை அடுக்கிவை என்று ஒரு பட்டியல்: ஒரு ஜோடி கறுப்புப் பூட்ஸ், ஒரு ஜோடி பழுப்புப் பூட்ஸ், மூன்று தொப்பிகள் (எது என்ன நிறம், என்ன துணி என்பது உட்பட), ஒரு மழைக்கோட்டு, அப்புறம் உள்ளே நுழைந்ததும் வலது பக்க அலமாரியில் சுருட்டி வைத்திருக்கும் கவிதைக் கையெழுத்துப் பிரதி. அடுத்த மாதமே ஜாய்ஸ் ஊரை விட்டுப் போய்விட்டார். சண்டை போட்டவர்களில் யாரிடமும் கேட்க முடியாத உதவியை ஸ்டார்க்கியிடம் கேட்க முடிந்திருக்கிறது, பாருங்கள். எல்லாத் தரப்புக்கும் நடுவில் நிற்கக்கூடிய ஆள். பிற்காலத்தில் பத்திரிகை ஆசிரியராகவும் அவர் அப்படித்தான் இருந்தார்.

பத்திரிகை 1923 ஆகஸ்டில் மாத இதழாகத் தொடங்கியது. உள்நாட்டுப் போர் ஓய்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதிக்காத காலம். சீமஸுக்கு அரசியல் தெரியாமல் இல்லை. சின் ஃபெயின் என்ற தேசியக் கட்சியை நிறுவிய ஆர்தர் கிரிஃபித் அவருக்கு நெருங்கிய நண்பர். ஆனாலும் பத்திரிகையை எந்தக் கட்சிக்கும் மேடையாக்கவில்லை. அந்தப் போருக்குக் காரணமான, பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஆதரித்தவர், எதிர்த்தவர், பழைய ஆங்கிலோ-ஐரிஷ் பிரபு, பெல்ஃபாஸ்ட் கவிஞர் எல்லோரும் அதில் எழுத முடிந்தது. 1926இல் காலாண்டிதழாக மாற்றினார். இலக்கியம், அறிவியல், கலை மூன்றுக்குமான காலாண்டு மதிப்பாய்வு என்று அட்டையில் போட்டுக்கொண்டார், அறிவியல் அதில் ரொம்பக் கம்மி என்றாலும். வருடத்துக்கு 12 அச்சுக்கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் 4. தபால் செலவும் அப்படியே இறங்கும். பத்திரிகையின் ஆயுளை நீட்டிய தனி முடிவு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்தது பணம். இங்கேதான் எஸ்டெல்லா சாலமன்ஸ் வருகிறார். ஓவியர். டப்ளினின் பேர்பெற்ற யூதக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அண்ணன் தம்பிகளில் ஒருவரான பெத்தல் சாலமன்ஸ் அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர், பிறகு ரொட்டண்டா மகப்பேறு மருத்துவமனையின் தலைவர். எஸ்டெல்லா விடுதலைப் போரின்போது தேடப்பட்டவர்களைத் தன் ஸ்டூடியோவில் ஒளித்துவைத்தார். அவர்களை உருவப்படமாகவும் தீட்டினார். சிப்பாய்கள் கண்ணில் பட்டால் வம்பு என்று சில படங்களைத் தானே அழித்தும் விட்டார். சீமஸும் அவரும் பல வருடம் பழகியும், மதம் வேறு என்பதால் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய் 1925இல்தான் நடந்தது. மாப்பிள்ளைக்கு 46 வயது.

எஸ்டெல்லாவும் அவர் தோழி கேத்லீன் குட்ஃபெல்லோவும் பத்திரிகைக்குக் கைக்காசு போட்டார்கள். சொந்தக்காரர்கள், தெரிந்த கடைக்காரர்கள் என்று போய் விளம்பரம் பிடித்தார்கள். எழுத்தாளர்களை வீட்டுக்கு அழைத்து விருந்தோம்பினார்கள். எழுதியவர்கள் பலருடைய முகம் நமக்கு எஸ்டெல்லாவின் தூரிகை வழியாகத்தான் கிடைத்திருக்கிறது. பிற்காலத்தில் மோர்ஹாம்ப்டன் சாலையில் இருந்த அவர்கள் வீடு ஒருவகையில் பத்திரிகை அலுவலகமே. ஆசிரியர் பெயர் மட்டும் அட்டையில் இருக்கும். மற்ற இரண்டு பேரையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிறுபத்திரிகை வரலாறு எந்த மொழியில் எழுதப்பட்டாலும் இந்த ஒரு விஷயம் மட்டும் மாறவே மாறாது போலிருக்கிறது.

என்ன வந்தது அதில்? நல்லதும் வந்தது, சப்பையும் வந்தது. ஆசிரியருக்குப் பிடித்த அந்தி வெளிச்சக் கவிதைகள் 1940களிலும் விடாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றை இன்று உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் அவர் காது கெட்டுப்போன காது இல்லை. 1931இல் டிரினிட்டி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த, யாருக்கும் தெரியாத சாமுவேல் பெக்கெட் என்ற 25 வயதுக்காரரின் கவிதையைப் போட்டார். 1936இல் அவருடைய இன்னொரு கவிதையும், கவிஞர் யேட்ஸின் தம்பியான ஓவியர் ஜாக் யேட்ஸின் நாவலுக்கு அவர் எழுதிய மதிப்புரையும் வந்தன. தன் ரசனைக்கு முற்றிலும் வேறான ஓர் எழுத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்பதுதான் விஷயம். ஆஸ்டின் கிளார்க், பேட்ரிக் கவனா, பாட்ரிக் ஃபாலன் எல்லோருக்கும் இடம் தந்தார். வேல்ஸில் பாதிரியாராக இருந்த ஆர். எஸ். தாமஸ் அனுப்பிய ஆரம்பகாலக் கவிதைகளையும் வெளியிட்டார்.

மேரி லாவின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் வர்ஜீனியா வுல்ஃப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வேட்டின் தட்டச்சுப் பிரதி மேஜையில் கிடந்தது. ஒருநாள் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெற்றுத்தாளில் ஒரு சிறுகதையை எழுதத் தொடங்கினார். ஆய்வு அப்படியே நின்றது. கதை 1939இல் ‘டப்ளின் மேகஸின்’ இதழில் வந்தது. எழுத்தாளர் லார்ட் டன்சனி அவருக்காகப் பரிந்து பேச ஆரம்பித்தார். 1942இல் டன்சனியின் முன்னுரையோடு முதல் தொகுப்பு வந்தது, அதற்கு ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசும் கிடைத்தது. ஐரிஷ் சிறுகதையில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய ஒருவருக்கு முதல் கதவைத் திறந்தது, பழையபாணி என்று எல்லோரும் ஒதுக்கிய இந்தக் காலாண்டிதழ்தான்.

இப்போது ‘தி பெல்’ பக்கம் வருவோம். 1940 அக்டோபர். வெளியே உலகப் போர்; அயர்லாந்து நடுநிலை; காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஆசிரியர் ஷான் ஓ'ஃபேலாய்ன், உள்நாட்டுப் போரில் உடன்படிக்கை எதிர்ப்பாளர் பக்கம் நின்றவர், அவர் புத்தகங்களே தணிக்கையில் தடை செய்யப்பட்டிருந்தன. நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் பேடர் ஓ'டானல், சிறையில் இருந்து வந்த இடதுசாரி. முதல் தலையங்கத்திலேயே, கேத்லீன் நி ஹூலிஹன், ரோஷின் துவ் போன்ற பழைய தேசச் சின்னங்கள் எல்லாம் செத்துவிட்டன என்று அடித்தார் ஓ'ஃபேலாய்ன். எந்தப் பழைய வாசனையும் ஒட்டியிராத வெற்றுச் சொல்லாக இருக்கட்டும் என்றுதான் ‘மணி’ என்று பெயர் வைத்தோம் என்றார். கற்பனையாக எழுதாதே, உன்னைச் சுற்றி நடப்பதை எழுது என்று வாசகர்களையே கூப்பிட்டார்.

வந்தவை எல்லாம் அந்த ரகம். முதல் இதழில் எலிசபெத் போவன் ஜமீன் வீடுகளைப் பற்றி எழுதினார். ஃப்ளான் ஓ'பிரையன் நாய்ப் பந்தயத்தைப் பற்றி எழுதினார். தன் சொந்த மண்ணைத் தூற்றும் கவனாவின் கவிதை ஒன்றும் வந்தது. அப்புறம் நடனக் கொட்டகைகள் பற்றிக் கட்டுரை. 1942இல் பிரெண்டன் பீஹனின் சிறுவர் சீர்திருத்தச் சிறை அனுபவம். அது அச்சில் வந்தபோது பீஹன் திரும்பவும் டப்ளின் சிறைக்குள் இருந்தார். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, கைதி எண்ணையே எழுத்தாளர் பெயராகப் போட்டு வந்த தொடர். டி83222. கீழே வேறு பெயர் கிடையாது. சிறையில் சாப்பாடு எப்படி, இரவு எப்படி என்று ஒரு சாதாரண ஆள் சொல்கிறார். ஒரு இலக்கிய இதழ் இதைத் தொடராகப் போட்டது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

1929 தணிக்கைச் சட்டத்தோடும் ‘பெல்’ நேருக்கு நேர் மோதியது. அந்தச் சட்டத்தின் லட்சணத்துக்கு ஓர் உதாரணம் போதும். கேட் ஓ'பிரையனின் ஒரு நாவல் 1941இல் தடையானது. முழு நாவலும் ஒரு கன்னிமாடத்தைப் பற்றியது. தடைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம், இரண்டு ஆண்கள் தழுவி நிற்பதை ஒரு பெண் பார்த்தாள் என்று வரும் வாக்கியம். இது மாதிரியானவற்றை எதிர்த்து ஓ'ஃபேலாய்ன் மாதாமாதம் எழுதினார். ஆறு வருடத்தில் களைத்துப்போய் 1946இல் பொறுப்பை ஓ'டானலிடம் கொடுத்துவிட்டார். 1948 ஏப்ரலில் பத்திரிகை நின்றது, 1950 நவம்பரில் மறுபடி வந்தது, 1954 டிசம்பரில் ஒரேயடியாக முடிந்தது.

வரலாற்றாசிரியர்கள் ஏன் ‘பெல்’ பின்னால் போகிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும். 1940களில் ஐரிஷ் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒருவர் ஆய்வு செய்தால், எடுத்து மேற்கோள் காட்ட அதில் பக்கத்துக்குப் பக்கம் சரக்கு இருக்கிறது. தலையங்கத்தில் நாலு வரி எடுத்தால் ஒரு அத்தியாயமே தொடங்கிவிடலாம். ‘டப்ளின் மேகஸின்’ அப்படிப்பட்ட நாலு வரியை 35 வருடத்தில் ஒருமுறைகூடத் தரவில்லை. அதில் கிடைப்பது தனித்தனிக் கவிதை, தனித்தனிக் கதை. பெக்கெட் ஆய்வாளர் பெக்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்வார், லாவின் ஆய்வாளர் லாவினை. பத்திரிகை அடிக்குறிப்பில் நின்றுவிடும். இது நியாயமா என்றால், பாதி நியாயம் என்பேன். நாடே புத்தகத் தடையில் மூச்சுத்திணறியபோது ஓர் இலக்கிய இதழ் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தது என்று சொன்னால் சீமஸ் சார்பில் என்னிடம் பெரிய வாதம் கிடையாது. ஆனால் ‘பெல்’ மட்டுமே இருந்து இது இல்லாமல் போயிருந்தால், சமூகக் கணக்கெடுப்புக்குள் அடங்காத எழுத்துக்கு அந்த ஊரில் இருந்த இடம் இன்னும் சுருங்கியிருக்கும்.

சீமஸ் 1958 மார்ச் 24 அன்று இறந்தார். பத்திரிகையும் அந்த வருடமே முடிந்தது. எடுத்து நடத்த ஆள் இல்லை. ஆள் வரும்படி அவர் அதைக் கட்டவும் இல்லை. உதவி ஆசிரியர்களை வளர்த்து, பொறுப்பைப் பிரித்துக் கொடுத்து, அடுத்த தலைமுறைக்குத் தயார் செய்யும் வேலை எதுவும் நடக்கவில்லை. 1961இல் ‘தி டப்ளினர்’ என்று வேறொரு இதழ் தொடங்கி, 1965இல் பழைய பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டது. அதுவும் 1970களில் நின்றது. பெயரைச் சூட்டிக்கொண்டதால் ஆயுளும் வந்துவிடாது.

அந்த 35ஐத் தாண்டிய இதழும் பிறகு வந்தது. 1975இல் தொடங்கிய ‘சைஃபர்ஸ்’ கவிதைக்கென்றே பெயர்பெற்ற இதழ். ஐலீன் நீ குல்லனாய்ன், அவர் கணவர் மக்டாரா வுட்ஸ், லீலண்ட் பார்ட்வெல், பியர்ஸ் ஹட்சின்சன் என்று நாலு கவிஞர்கள் சேர்ந்து ஆசிரியர்கள். ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்பதே பாதி பலம். 2012க்கும் 2018க்கும் நடுவில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், பத்திரிகை நிற்கவில்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1951இல் அயர்லாந்தில் அரசுக் கலை மன்றம் அமைக்கப்பட்டது. காலப்போக்கில் சிறுபத்திரிகைகளுக்கு அது மானியம் தர ஆரம்பித்தது. எஸ்டெல்லாவும் கேத்லீனும் வீடு வீடாகப் போய்ச் செய்த வேலையை ஒரு விண்ணப்பப் படிவம் செய்யத் தொடங்கியது. மானியம் வந்தால் அதிகாரியின் கண் பத்திரிகை மேல் விழாதா என்று கேட்பவர்கள் உண்டு. அயர்லாந்தில் அப்படிப் பெரிதாகக் கழுத்தை நெரித்ததாகத் தெரியவில்லை.

‘தி ஸ்டிங்கிங் ஃப்ளை’ இன்னும் ஒரு படி மேலே போனது. டெக்லன் மீடும் ஈஃபா கவனாவும் 1997இல் தொடங்கினார்கள், முதல் இதழ் 1998 மார்ச்சில் வந்தது. பெயர் பிளேட்டோவிடமிருந்து வாங்கியது. ஏதென்ஸ் என்ற சோம்பேறிக் குதிரையைக் கடித்து எழுப்பும் ஈ என்று சாக்ரடீஸ் தன்னைச் சொல்லிக்கொள்கிறார் அல்லவா, அந்த ஈ. 2005இல் சொந்தப் பதிப்பகமும் தொடங்கினார்கள். கெவின் பாரியின் முதல் தொகுப்பு, காலின் பேரட்டின் முதல் தொகுப்பு எல்லாம் அங்கே வந்தவை. பேரட்டுக்கு 2014இல் கார்டியன் முதல் நூல் விருதும் ஃபிராங்க் ஓ'கானர் சிறுகதை விருதும் ஒரே வருடத்தில் கிடைத்தன. சேலி ரூனி பள்ளியில் படிக்கும்போது எழுதிய கவிதைகள் இதில்தான் வந்தன, 2018இல் அவரே ஆசிரியராக இரண்டு இதழ்களைக் கொண்டுவந்தார்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீட் உயிரோடும் உற்சாகத்தோடும் இருக்கும்போதே ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். தாமஸ் மாரிஸ், ரூனி, டேனி டென்டன், லீசா மெக்கினர்னி என்று அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் ரசனையும் வேறு. வாசகர்களில் சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை, இதழ் வந்துகொண்டிருந்தது. இதை சீமஸ் ஓ'சல்லிவன் செய்திருப்பாரா என்று யோசித்தால், செய்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. அவருக்கு அது பத்திரிகையாகவும் வீடாகவும் ஒன்றாகவே இருந்தது.